மாற்றுக் காலக்கோடு: ஒரே ஒரு நிகழ்வு மாறினால் கதைக்குள் என்ன நடக்கிறது?

அறிவியல் புனைகதைத் தொடர்களைப் பற்றிப் பேச்சு எழுந்தால் ‘டைம்லைன் மாறிப்போச்சு’ என்ற வார்த்தை எப்படியும் வந்துவிடும். பாத்திரங்கள் இன்னோர் உலகத்துக்குள் போய் விழுந்தாலும் அதையே சொல்கிறார்கள். ஒரே நாள் திரும்பத் திரும்ப நடந்தாலும் அதே பேச்சு. யாரோ கண்ட கெட்ட கனவுக்கும் அதே பெயர். உண்மையில் இவை வெவ்வேறு வகைக் கதைகள், ஒவ்வொன்றுக்கும் தனி விதிகள் உண்டு. ஒன்றின் விதியை வைத்து இன்னொன்றை அளந்தால் நல்ல எபிசோட்கூட ஓட்டையும் உடைசலுமாகத் தெரியும். ‘கடைசியில் எல்லாம் பழையபடி ஆகிவிட்டதே, பிறகு எதற்கு இவ்வளவு பாடு?’ என்ற அலுப்பும் பெரும்பாலும் அங்கிருந்துதான் வருகிறது.

மாற்றுக் காலக்கோடு என்றால் என்ன, அதை வைத்து ஓர் எபிசோடை எப்படிக் கட்டுகிறார்கள், கட்டும்போது எங்கே சரிகிறது என்பதை அடிப்படையிலிருந்து பார்ப்போம். எடுத்துக்காட்டுகளில் சில தொடர்களின் கதை முடிவுகளும் வெளிப்படும். அது இல்லாமல் இதை விளக்க வழியில்லை.

சதுரங்கப் பலகையிலிருந்து தொடங்கலாம்

இருவர் சதுரங்கம் ஆடுகிறார்கள். பன்னிரண்டாவது நகர்வில் ஒருவர் குதிரையை நகர்த்துகிறார். ஆட்டம் முப்பது நகர்வுகளில் முடிகிறது. முடிந்த பிறகு, ‘அந்த இடத்தில் குதிரைக்குப் பதில் யானையை நகர்த்தியிருந்தால்?’ என்று கேட்டு, காய்களைப் பன்னிரண்டாவது நகர்வில் இருந்த நிலைக்கே திருப்பி வைத்து, அங்கிருந்து மறுபடி ஆடுகிறார்கள். முதல் பதினொரு நகர்வுகள் இரண்டு ஆட்டத்துக்கும் பொது. பன்னிரண்டிலிருந்து எல்லாமே வேறு. முதல் ஆட்டத்தில் வெட்டுப்பட்ட ராணி இரண்டாவது ஆட்டத்தில் கடைசிவரை நிற்கலாம்.

இந்த இரண்டாவது ஆட்டம்தான் மாற்றுக் காலக்கோடு. நிகழ்வுகள் ஒன்றன்பின் ஒன்றாக நடந்துவந்த வரிசையைக் காலக்கோடு என்கிறோம். அந்த வரிசையில் கடந்தகாலத்தின் ஒரு நிகழ்வு மட்டும் வேறுவிதமாக நடந்து, அதன் விளைவாகப் பின்னால் வருவதெல்லாம் மாறினால் அது மாற்றுக் காலக்கோடு. ‘அதன் விளைவாக’ என்ற சொல்லை விட்டுவிடக் கூடாது. உலகம் சும்மா வேறாக இருந்தால் போதாது, அது ஏன் வேறானது என்பதற்கு ஒரு காரணம் இருந்தே ஆக வேண்டும்.

பக்கத்து மேசையில் வேறு இருவர் வேறோர் ஆட்டம் ஆடுகிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அது இணைப் பிரபஞ்சம். முதல் மேசையில் யாரும் எதையும் மாற்றவில்லை, இரண்டு பலகைகளும் அருகருகே தனித்தனியாக இருக்கின்றன. 1967 அக்டோபரில் ஒளிபரப்பான ஸ்டார் ட்ரெக் எபிசோட் ‘மிரர், மிரர்’ இந்த வகை. அயனிப் புயலின் நடுவே ஆட்களைக் கப்பலுக்குக் கொண்டுவரும் கருவி தடுமாற, கேப்டன் கிர்க்கும் மூன்று பேரும் கொடுங்கோல் பேரரசு ஒன்றின் கப்பலில் போய் நிற்கிறார்கள். அவர்களுடைய சொந்த உலகம் எந்தச் சேதமும் இல்லாமல் அப்படியே இருக்கிறது. ஆகவே அவர்களுக்கு வரலாற்றைத் திருத்தும் வேலை கிடையாது, வீடு திரும்பினால் போதும்.

அதே பலகையில் அதே ஐந்து நகர்வுகளைத் திரும்பத் திரும்ப ஆடுவது காலச் சுழல். அதிலிருந்து வெளியேறுவதுதான் அங்கே கதை. ஆடாமலே மனத்துக்குள் ஓட்டிப் பார்ப்பது கனவு அல்லது கற்பனை, பலகையில் ஒரு காயும் அசையாது.

குழப்பம் வந்தால் ஒரு கேள்வி போதும்: பாத்திரங்களின் சொந்த உலகம் இந்த நேரத்தில் எங்கே இருக்கிறது? ‘அது இருக்கிறது, இவர்கள்தான் அங்கே இல்லை’ என்றால் இணைப் பிரபஞ்சம். ‘அது இல்லவே இல்லை, அதன் இடத்தில் இது இருக்கிறது’ என்றால் மாற்றுக் காலக்கோடு. இரண்டாவது வகையில் பணயம் பெரிது என்பதற்குக் காரணமும் இதுதான். திரும்பிப் போக அங்கே வீடே கிடையாது.

ஓர் எபிசோடை அருகில் வைத்துப் பார்ப்போம்

இந்த வகையை விளக்க ‘ஸ்டார் ட்ரெக்: தி நெக்ஸ்ட் ஜெனரேஷன்’ தொடரின் மூன்றாம் பருவத்தில் 15ஆவது எபிசோடான ‘யெஸ்டர்டேஸ் எண்டர்பிரைஸ்’ போல வசதியான எடுத்துக்காட்டு வேறில்லை. 1990 பிப்ரவரியில் ஒளிபரப்பானது. தேவையான எல்லா உறுப்புகளும் அதில் வெளியே தெரியும்படி இருக்கின்றன.

முதலில் தொடரின் இயல்பு நிலை. எண்டர்பிரைஸ்-டி ஓர் ஆய்வுக் கப்பல். சுமார் ஆயிரம் பேர் அதில் வாழ்கிறார்கள், குழந்தைகளோடு குடும்பங்களும் உண்டு. மனிதர்களும் இடம்பெற்ற கூட்டமைப்பு என்கிற அணிக்கும் கிளிங்கான் என்ற வேற்றுக்கோள் இனத்தின் பேரரசுக்கும் சமாதானம் நிலவுகிறது. வோர்ஃப் என்ற கிளிங்கான் அந்தக் கப்பலிலேயே அதிகாரியாக இருக்கிறார். டாஷா யார் என்ற பாதுகாப்பு அதிகாரி முதல் பருவத்திலேயே, 1988இல் வந்த ‘ஸ்கின் ஆஃப் ஈவில்’ எபிசோடில், இறந்துவிட்டார்.

இனி எபிசோட். விண்வெளியில் ஒரு காலப்பிளவு தோன்றுகிறது. காலத்தின் வேறொரு தருணத்துக்குத் திறக்கும் வாசல் என்று அதைக் கொள்ளலாம். உள்ளேயிருந்து அடிபட்ட ஒரு கப்பல் வெளிப்படுகிறது. அது வெளியே வந்த அதே கணத்தில் கட்டுப்பாட்டு அறை இருண்டுவிடுகிறது. வோர்ஃப் நின்ற இடத்தில் இப்போது டாஷா யார் நிற்கிறார். யாரும் திடுக்கிடவில்லை. அவர்களைப் பொறுத்தவரை எதுவுமே மாறவில்லை, உலகம் எப்போதும் இப்படித்தான் இருந்திருக்கிறது. இவ்வளவும் தொடக்கப் பெயர்கள் ஓடுவதற்கு முன்பே முடிந்துவிடுகிறது.

வந்த கப்பல் எண்டர்பிரைஸ்-சி. 22 ஆண்டுகளுக்கு முந்தையது. நரேந்திரா 3 என்ற கிளிங்கான் குடியிருப்பை ரோமுலன் என்ற இன்னொரு இனத்தின் நான்கு போர்க்கப்பல்கள் தாக்கியபோது, அதைக் காப்பாற்ற ஓடிவந்து, சண்டையின் நடுவே காலப்பிளவுக்குள் விழுந்துவிட்டது. அதன் கேப்டன் ரேச்சல் காரெட்.

மாறிய உலகத்தை எபிசோட் எப்படிக் காட்டுகிறது என்பதைக் கூர்ந்து பார்க்க வேண்டும். ‘நாங்கள் போரில் இருக்கிறோம்’ என்று யாரும் உட்கார்ந்து பாடம் நடத்துவதில்லை. கேப்டனின் இருக்கைக்கு இருபுறமும் வழக்கமாக இருக்கும் இருக்கைகளைக் காணோம். கப்பலில் மனநல ஆலோசகரும் இல்லை. கேப்டன் பிக்கார்டின் நாற்காலி மட்டும் உயரத்தில் தனியாக நிற்கிறது. எல்லோர் இடுப்பிலும் பட்டையும் ஆயுதமும். வழக்கமாக ‘கேப்டனின் பதிவேடு, நட்சத்திரத் தேதி’ என்று தொடங்கும் குரல் இங்கே ‘இராணுவப் பதிவேடு, போர்த் தேதி’ என்று தொடங்குகிறது. இந்தக் கப்பலில் 6,000க்கும் மேற்பட்ட துருப்புகளை ஏற்றிச் செல்லலாம் என்று டாஷா பெருமையாகச் சொல்கிறார். ஆய்வுக் கப்பல் போர்க்கப்பலாகிவிட்டது. செட் அதே செட், நடிகர்கள் அதே நடிகர்கள். விளக்கையும் நாற்காலியையும் இரண்டு சொற்களையும் மாற்றி 20 ஆண்டுப் போரைப் பார்ப்பவரின் தலைக்குள் இறக்கிவிடுகிறார்கள். இந்த வகையில் இதைவிடச் சிக்கனமான வேலையைக் காண்பது அரிது.

கிளைப்புள்ளி: எந்த நகர்வு மாறியது?

வரலாறு எந்த நிகழ்விலிருந்து வேறு பாதையில் திரும்பியதோ அதைக் கிளைப்புள்ளி என்போம். சதுரங்க எடுத்துக்காட்டில் பன்னிரண்டாவது நகர்வு.

புதிதாகப் பார்ப்பவர்கள் இங்கேதான் முதலில் தடுக்கி விழுகிறார்கள். எண்டர்பிரைஸ்-சி எதிர்காலத்துக்கு வந்தது கிளைப்புள்ளி என்று நினைத்துக்கொள்கிறார்கள். அப்படி நினைத்தால் கதை பிடிபடாது. அது எதிர்காலத்துக்கு *வந்ததால்* உலகம் மாறவில்லை, கடந்தகாலத்தில் *இல்லாமல் போனதால்* மாறியது. மாறாத வரலாற்றில் அந்தக் கப்பல் கிளிங்கான்களைக் காக்கக் கடைசிவரை போராடி அழிந்தது. எதிரியாக இருக்க வேண்டியவர்கள் தங்களுக்காக உயிர்விட்டதைக் கிளிங்கான்கள் மதித்தார்கள், சமாதானம் உறுதிப்பட்டது. மாறிய வரலாற்றில் அந்தத் தியாகம் நடக்கவே இல்லை. அப்போது பேச்சில் இருந்த சமாதான உடன்பாடு சிதைந்து, போர் மூண்டு, 4,000 கோடிப் பேர் இறந்துபோகிறார்கள். கூட்டமைப்பு ஆறு மாதத்தில் சரணடைய நேரலாம் என்று பிக்கார்ட் காரெட்டிடம் தனிமையில் சொல்கிறார்.

நல்ல கிளைப்புள்ளிக்கு இரண்டு தகுதிகள் வேண்டும். சம்பவம் சிறிதாக இருக்க வேண்டும், ஏன் பெரிதாக வளர்ந்தது என்பதற்குக் காரணம் தெளிவாக இருக்க வேண்டும். டாக்டர் ஹூ தொடரில் 2008 ஜூனில் வந்த ‘டர்ன் லெஃப்ட்’ எபிசோடில் கிளைப்புள்ளி இன்னும் சிறிது. டோனா என்ற பெண் ஒரு சந்திப்பில் காரை இடப்பக்கம் திருப்பாமல் வலப்பக்கம் திருப்புகிறாள், அவ்வளவுதான். அதனால் தொடரின் நாயகனான டாக்டரை அவள் சந்திக்கவே இல்லை. அவரைத் தடுத்து நிறுத்த அவள் பக்கத்தில் இல்லாததால் முந்தைய ஒரு கதையில் தப்பிய டாக்டர் இங்கே இறந்துவிடுகிறார். அவர் தடுத்திருக்க வேண்டிய அழிவுகள் வரிசையாக வந்து இறங்குகின்றன. பழைய எபிசோட்களில் பார்த்த ஒவ்வொரு வெற்றியும் இங்கே தோல்வியாகத் திரும்பி வருவதால், தொடரை முன்பே பார்த்தவர்களுக்கு அது நெஞ்சில் நேராக இறங்கும்.

*இதுவரை:* சொந்த உலகம் அழிந்து அதன் இடத்தில் வேறு உலகம் வந்தால் மாற்றுக் காலக்கோடு. எந்த நிகழ்வு மாறியதோ அது கிளைப்புள்ளி. வருகையை மட்டும் தேடினால் போதாது, எது இல்லாமல் போனது என்றும் தேட வேண்டும்.

சாட்சி: யாருக்குத் தெரியும்?

உலகமே மாறி, எல்லோருடைய நினைவும் சேர்ந்து மாறிவிட்டால் திருத்த வேண்டும் என்ற எண்ணமே எவருக்கும் எழாது. கதை நகராது. ஆகவே இது தவறு என்று அறிந்த ஏதோ ஒன்று கதைக்குள் இருந்தாக வேண்டும். அதைச் சாட்சி என்று அழைப்போம்.

‘யெஸ்டர்டேஸ் எண்டர்பிரைஸ்’ எபிசோடில் சாட்சி கைனன். கப்பலின் உணவுக்கூடத்தை நடத்தும் அந்தப் பெண் மனித இனத்தவர் அல்ல. மற்றவர்களுக்கு இல்லாத ஓர் உணர்வு அவருக்கு உண்டு. ஆனால் அவருக்கு எல்லாம் தெரிந்துவிடவில்லை. இந்தக் கப்பலில் குழந்தைகள் இருக்க வேண்டும், இது போர்க்கப்பலாக இருக்கக் கூடாது என்ற அளவுக்குத்தான் உணர்கிறார். நிரூபிக்க அவரிடம் எதுவும் இல்லை. வெறும் உள்ளுணர்வை நம்பி, 125 பேர் உயிர் பிழைத்திருக்கும் ஒரு கப்பலை நிச்சயச் சாவுக்குத் திருப்பி அனுப்பச் சொல்கிறார். பிக்கார்ட் அதை நம்ப வேண்டும். எபிசோடின் பாரம் முழுவதும் இந்த ஓர் இடத்தில் தாங்கி நிற்கிறது. கைனனுக்கு எல்லாம் துல்லியமாகத் தெரிந்திருந்தால் பிக்கார்டுக்கு முடிவெடுக்கும் வேதனையே இருந்திருக்காது.

சாட்சியைப் படைக்க வேறு வழிகளும் உண்டு. 1967 ஏப்ரலில் வந்த ‘தி சிட்டி ஆன் தி எட்ஜ் ஆஃப் ஃபாரெவர்’ எபிசோடில் மருத்துவர் மக்காய் காலவாசலுக்குள் பாய்ந்து 1930இன் நியூயார்க்குக்குப் போய்விடுகிறார். அடுத்த நொடி விண்வெளியில் இருந்த கப்பலைக் காணோம். காலவாசலுக்கு அருகில் நின்ற சிலர் மட்டும் மாறாமல் மிஞ்சுகிறார்கள். அங்கே சாட்சியைக் காப்பது இடம். ஸ்டார்கேட் எஸ்ஜி-1 தொடரின் ‘2010’ எபிசோட் இன்னும் எளிமையானது. அதில் சாட்சி ஒரு துண்டுத்தாள். நட்புறவோடு வந்து மனித இனத்தையே மெல்ல மலடாக்கிக்கொண்டிருக்கும் அன்னியர்களை எதிர்காலத்துக் குழு கண்டுபிடிக்கிறது. அவர்களை முதலில் சந்தித்த பி4சி-970 என்ற கோளுக்கு எக்காரணம் கொண்டும் போகாதே என்று எழுதிய இரத்தக்கறை படிந்த குறிப்பைக் கடந்தகாலத்துக்கு வீசிவிட்டுக் குழுவினர் அனைவரும் இறக்கிறார்கள். குறிப்பைப் பெற்றவர்களுக்கு ஏன் என்று தெரியாது. கையெழுத்து தங்களுடையது என்பது மட்டும் தெரியும்.

விளைவுச் சங்கிலி: சிறியது எப்படிப் பெரிதாகிறது?

1961இல் எட்வர்ட் லோரன்ஸ் என்ற வானிலை ஆய்வாளர் கணினியில் ஒரு வானிலைக் கணக்கை மறுபடி ஓட்டிப் பார்த்தார். 0.506127 என்று இருந்த எண்ணை 0.506 என்று சுருக்கி உள்ளிட்டார். ஆரம்பத்தில் இரண்டு கணக்கும் ஒன்றுபோல ஓடின. போகப் போக விலகி, கடைசியில் ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாத வானிலையாகிவிட்டன. தொடக்கத்தில் உள்ள நுண்ணிய வேறுபாடு காலப்போக்கில் பெரிதாக வளரும் இந்தப் பண்பைத்தான் வண்ணத்துப்பூச்சி விளைவு என்கிறோம். சிறியது பெரிதாகும் என்பது அதில் பாதிதான். *எந்தத் திசையில்* பெரிதாகும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது என்பது மறுபாதி. பலர் இந்த மறுபாதியை விட்டுவிடுகிறார்கள்.

அதைக் கதையாக்கியது ஸ்டார் ட்ரெக்: வாயேஜர் தொடரில் 1997 நவம்பரில் இரண்டு பாகமாக வந்த ‘இயர் ஆஃப் ஹெல்’. அனோராக்ஸ் என்ற கிரெனிம் விஞ்ஞானியிடம் ஒரு கப்பல் இருக்கிறது. எதைக் குறிவைத்தாலும் அதை அழிப்பதோடு நில்லாமல், அது எப்போதுமே இருந்திராதபடி காலத்திலிருந்தே நீக்கிவிடும். தன் இனத்தின் எதிரிகளான ரில்னார்களை முதலில் நீக்கினார். பேரரசு ஒரே நொடியில் மீண்டும் வலிமை பெற்றது. ஆனால் ரில்னார்களோடு பழகியதால் கிரெனிம் உடலில் வந்து சேர்ந்திருந்த ஒரு நோயெதிர்ப்புப் பொருளும் கூடவே நீங்கிப் போனது. அரிய நோய் ஒன்று பரவி ஐந்து கோடிப் பேர் இறந்தார்கள். அதைச் சரிசெய்ய இன்னொன்றை நீக்கினார், அது வேறொன்றைக் குலைத்தது. தன் மனைவி இருந்த குடியிருப்பையே இழந்து, அதை மீட்கக் கணக்குப் போட்டுக்கொண்டே காலத்துக்கு வெளியே மிதக்கிறார்.

அதே எபிசோடில் கடத்திவரப்பட்ட, வாயேஜர் கப்பலின் துணைத் தலைவர் சகோட்டே ஒரு வால்வெள்ளியை மட்டும் நீக்கிப் பார்க்கலாமா என்று கணக்குப் போடுகிறார். பாதையில் குறுக்கிடும் ஒரு கல்தானே என்று நினைக்கிறார். எந்தக் காலத்திலோ அந்த வால்வெள்ளியின் துண்டுகள் கோள்களில் விழுந்து உயிர் தோன்ற வழிசெய்திருந்தன. அதை நீக்கினால் 8,000க்கும் மேற்பட்ட நாகரிகங்கள் தோன்றியே இருக்காது என்று அனோராக்ஸ் காட்டுகிறார். விளைவுச் சங்கிலி என்றால் என்னவென்று ஒருவருக்குப் புரியவைக்க அந்த ஒரு காட்சி போதும்.

*இதுவரை:* கிளைப்புள்ளியிலிருந்து காரணகாரியமாக நீள்வது விளைவுச் சங்கிலி. அது தவறு என்று உணர்ந்து நிற்பது சாட்சி, ஆளாகவோ இடமாகவோ தாளாகவோ இருக்கலாம். கிளைப்புள்ளி, சாட்சி, விளைவுச் சங்கிலி மூன்றும் அமைந்த பிறகுதான் திருத்தும் வேலை தொடங்கும்.

தாத்தா முரண், இயற்பியல்

ஒருவர் கடந்தகாலத்துக்குப் போய்த் தன் தாத்தா இளைஞராக இருக்கும்போதே அவரைக் கொன்றுவிட்டால் தானே பிறந்திருக்க மாட்டார். பிறக்காதவர் போய்க் கொன்றிருக்கவும் முடியாது. இதுதான் தாத்தா முரண். இதற்குப் பொதுவாக மூன்று விடைகளைக் கதைகள் எடுத்துக்கொள்கின்றன.

ஒன்று, மாற்றவே முடியாது: என்ன முயன்றாலும் ஏற்கெனவே நடந்ததே நடக்கும். இயற்பியலில் இதற்கு நெருங்கியது நோவிகோவின் தன்னிசைவுக் கொள்கை. இன்னொன்று, கிளை பிரியும்: மாற்றினால் புதிய கிளை உண்டாகும், பழையதும் அப்படியே இருக்கும். இதை ஹ்யூ எவரெட் 1957இல் முன்வைத்த பல்லுலக விளக்கத்தோடு சேர்த்துப் பேசுவார்கள். மூன்றாவது, மேலெழுதப்படும்: பழையது அழிந்து அதன் மேல் புதியது எழுதப்படும். ‘யெஸ்டர்டேஸ் எண்டர்பிரைஸ்’ இந்த மூன்றாவது வகை.

இங்கே ஒரு தவறான நம்பிக்கையைக் களைந்துவிட வேண்டும். மாற்றுக் காலக்கோடு அறிவியல் நிரூபித்த விஷயம் என்று எவரெட்டின் பெயரைச் சொல்லி வாதிடுபவர்கள் உண்டு. எவரெட் விளக்கியது அணு, எலக்ட்ரான் போன்ற நுண்பொருட்களின் இயக்கவியலை. அதில் பிரிந்த கிளைகளுக்கு இடையே ஆளோ செய்தியோ போய்வர வழி கிடையாது, கடந்தகாலத்தைத் திருத்தும் பேச்சும் இல்லை. கர்ட் கோடல் 1949இல் ஐன்ஸ்டைனின் சமன்பாடுகளுக்கு ஒரு தீர்வு கண்டார், அதில் ஒருவர் தன் கடந்தகாலத்துக்கே திரும்பும் பாதை உண்டு. ஆனால் அதற்குப் பிரபஞ்சம் முழுவதும் சுழல வேண்டும், நம்முடையது அப்படிச் சுழல்வதாகத் தெரியவில்லை. கதைக்கு இயற்பியலின் அனுமதி வேண்டியதில்லை. மூன்றில் ஒரு விடையைத் தேர்ந்து அதையே கடைசிவரை கடைப்பிடித்தால் போதும். முதல் பாதியில் ‘மேலெழுதப்படும்’ என்றும் இரண்டாம் பாதியில் ‘கிளை பிரியும்’ என்றும் வசதிக்கேற்பத் தாவும்போதுதான் கதை கந்தலாகிறது.

எங்கே சரிகிறது?

அதிகம் கேட்கப்படும் குறை: வரலாறு இவ்வளவு மாறியும் அதே ஆட்கள் எப்படி அதே கப்பலில் இருக்கிறார்கள்? 20 ஆண்டுப் போருக்குப் பிறகும் பிக்கார்டே கேப்டன், ரைக்கரே துணை. கறாராகப் பார்த்தால் இது நம்பத்தகாதது. லோரன்ஸின் கணக்குப்படி அவர்கள் சந்தித்திருக்கவே வாய்ப்பில்லை. ஆனால் வேண்டுமென்றேதான் இப்படி வைக்கிறார்கள். சோதனைக்கூடத்தில் ஒரு பொருளின் விளைவை அறிய மற்ற எல்லாவற்றையும் அப்படியே வைத்து அதை மட்டும் மாற்றுவார்கள். அதே முகங்கள் இல்லாவிட்டால் எதை எதோடு ஒப்பிடுவது? போர் பிக்கார்டை என்ன செய்திருக்கிறது என்று காட்டப் பிக்கார்ட் அங்கே இருந்தாக வேண்டும். இதைப் பிழை என்பதைவிட இந்த வகைக் கதையின் மரபு என்பதே பொருத்தம். மரபுக்குள்ளும் அவர்கள் கவனமாக இருந்தார்கள்: கிளிங்கான்களோடு போர் நடக்கும் உலகத்தில் வோர்ஃப் அந்தக் கப்பலில் இருக்க முடியாது, இல்லை.

உண்மையான சரிவுகள் வேறு. கிளைப்புள்ளியைச் சொல்லாமலே உலகத்தை இருட்டாக்கிக் காட்டுவது ஒன்று. அப்போது பார்ப்பவருக்குத் துப்பறிய எதுவும் இருக்காது, வேடம் மாறிய நடிகர்களை வேடிக்கை பார்ப்பதோடு முடிந்துவிடும். திருத்தம் மலிவாக இருப்பது இன்னொன்று. ஒரு பொத்தானை அழுத்தியதும் எல்லாம் சரியாகிவிட்டால் கதைக்கு எடை இல்லை. திருத்துபவர் எதையாவது இழந்தாக வேண்டும். 1930இன் நியூயார்க்கில் கிர்க் நேசித்த ஈடித் கீலர் சாலை விபத்தில் இறக்க வேண்டும். அவர் பிழைத்தால் அவருடைய அமைதி இயக்கம் வளர்ந்து, அமெரிக்கா உலகப் போரில் தாமதமாக இறங்கி, ஜெர்மனி அணுகுண்டை முதலில் செய்துவிடும். காப்பாற்றப் பாயும் மக்காயைக் கிர்க் கட்டிப்பிடித்துத் தடுக்கிறார். விலை அது.

‘பழையபடி ஆகிவிட்டதே, பிறகு எதற்கு?’

எண்டர்பிரைஸ்-சி திரும்பிப் போகிறது. காரெட் இறந்துவிட்டதால் காஸ்டிலோ என்ற அதிகாரி தலைமை ஏற்கிறார். மாறாத உலகத்தில் தான் இறந்துவிட்டதை, அதுவும் பயனற்ற சாவாக இறந்ததை, கைனனிடமிருந்து அறிந்த டாஷா, பொருளுள்ள ஒரு சாவைத் தேடி அவர்களோடு போக அனுமதி கேட்கிறார். எண்டர்பிரைஸ்-டி கிளிங்கான் தாக்குதலைத் தாங்கி அவர்களுக்கு வழிவிடுகிறது. ரைக்கர் இறக்கிறார், கப்பல் எரிகிறது, பிக்கார்ட் தானே ஆயுத மேசையில் நின்று சுடுகிறார். பழைய கப்பல் பிளவுக்குள் மறைந்ததும் ஒரே நொடியில் வெளிச்சம், அமைதி, வோர்ஃப். யாருக்கும் எதுவும் நினைவில்லை.

ஒன்றும் நடக்கவில்லை என்று தோன்றுவது இங்கேதான். பாத்திரங்களுக்கு நடக்கவில்லை என்பது சரி. ஆனால் இவ்வளவு நேரமும் பார்த்துக்கொண்டிருந்தவருக்கு நடந்திருக்கிறது. தொடரில் பின்னணிச் செய்தியாக இருந்த கிளிங்கான் சமாதானம் இனி அவருக்கு ஒரு கப்பல் நிறைய மனிதர்களின் உயிர். பாத்திரங்கள் அறியாத கடனைப் பார்ப்பவர் அறிந்து வைத்திருக்கிறார். அதனால்தான் மேலெழுதி அழிக்கும் இந்த வகை, நினைவோடு வீடு திரும்பும் இணைப் பிரபஞ்சக் கதையைவிட ஆழமாகத் தைக்கிறது என்பேன்.

விட்டகுறை தொட்டகுறையும் உண்டு. ஒரு கட்டுரையின் வரைவை அழித்துவிட்டுப் பழைய வடிவத்தை மீட்கிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் அழிப்பதற்கு முன் அந்த வரைவிலிருந்து ஒரு வரியை வெட்டிப் பழைய வடிவத்தில் ஒட்டிவிட்டீர்கள். வரைவு போய்விட்டது, அந்த வரி மட்டும் நிற்கிறது. டாஷா அந்த வரி. அவர் பிறந்து வளர்ந்த காலக்கோடு அழிந்தது. ஆனால் அழியும் முன்பே 22 ஆண்டு பின்னால் போய்விட்டதால் அவர் மாறாத வரலாற்றின் பகுதியாகிவிட்டார். மேலெழுதும் விதியை இது மீறவில்லை, அதன் விளிம்பில் நிற்கிறது. நரேந்திரா 3இல் எல்லோரும் இறந்துவிடவில்லை, சிலர் ரோமுலன்களிடம் சிறைப்பட்டார்கள், அவர்களில் டாஷாவும் ஒருவர் என்று 1991இல் தொடர் வெளிப்படுத்தியது. ஒரு ரோமுலன் தளபதியோடு வாழ நேர்ந்து, செலா என்ற மகளைப் பெற்று, குழந்தைக்கு நான்கு வயதானபோது அவளைத் தூக்கிக்கொண்டு தப்ப முயன்று, பிடிபட்டுக் கொல்லப்பட்டார்.

முதல்முறை பார்ப்பவர்களுக்கு

மாற்றுக் காலக்கோட்டு எபிசோடைத் தொடரின் முதல் எபிசோடாகப் பார்க்காதீர்கள். இயல்பு நிலை தெரியாமல் மாற்றம் தெரியாது. குறைந்தது ஐந்தாறு சாதாரண எபிசோட்களைப் பார்த்துவிட்டு வாருங்கள். பார்க்கும்போது மூன்று இடங்களில் கவனம் வையுங்கள்: எது இல்லாமல் போனது, யாருக்கு உறுத்துகிறது, திருத்துவதற்கு யார் எதைக் கொடுக்கிறார்கள். அறையின் வெளிச்சமும் உடையும் பேச்சு வழக்கும் மாறும் நொடியைத் தவறவிடாதீர்கள், பெரும்பாலும் அது முதல் சில நிமிடங்களுக்குள் வந்துவிடும். பார்த்து முடித்த பிறகு தொடக்கக் காட்சியை மட்டும் மறுபடி ஓட்டிப் பார்ப்பதும் பயன் தரும்.

இந்தக் கட்டுரையில் அருகில் வைத்துப் பார்த்த கதைக்கு வரிசை இது: முதலில் ‘ஸ்கின் ஆஃப் ஈவில்’. எபிசோடாக அது சுமார்தான், ஆனால் டாஷாவின் அந்தத் திடீர்ச் சாவைப் பார்க்காமல் பின்னால் அவர் எடுக்கும் முடிவு பிடிபடாது. அடுத்து ‘யெஸ்டர்டேஸ் எண்டர்பிரைஸ்’. கடைசிக் காட்சியில் கைனன் பொறியாளர் ஜோர்டியோடு உட்கார்ந்து, டாஷா யாரைப் பற்றிச் சொல் என்று கேட்பார். மாறிய உலகத்தை உணர்ந்த ஒரே ஆளிடம் மிஞ்சியிருப்பது அந்தப் பெயர் மட்டும். மூன்றாவதாக, நான்காம் பருவத்தின் இறுதி எபிசோடான ‘ரிடெம்ப்ஷன்’. அதன் முடிவில் ஒரு ரோமுலன் தளபதி இருட்டிலிருந்து வெளிச்சத்துக்கு வருவார். நடுவில் உள்ளதை விட்டுவிட்டு வந்தவர்களுக்கு அது பொன்னிற முடியுள்ள ஏதோ ஒரு புதிய எதிரி. வரிசையாகப் பார்த்து வந்தவர்களுக்கு அது டாஷாவின் முகம்.